அறுபதைத் தட்டியது யார்?

ஐந்து மணிக்கு டைரக்டர் புகார்க் கடிதத்தில் கையெழுத்துப் போட்டுவிடுவார். அந்தக் கடிதம் தாதியர் வாரியத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டால் தாதி காமினி இனி எந்த நோயாளியின் கையிலும் ஊசி வைக்க முடியாது. இப்போது மணி இரண்டே கால். டத்தோ கிராமாட் பகுதியில் நிழலாக ஓர் இடம் பார்த்துக் கெரெத்தாவை நிறுத்துவதற்கே சுகுமாரனுக்குப் பத்து நிமிடம் பிடித்தது.

"கொலைகாரனக்கூட கண்டுபிடிச்சிடலாம்க்கா. பார்க்கிங் கண்டுபிடிக்க முடியல," என்றான்.

பின் இருக்கையில் இருந்த சபூரா கதவைத் திறந்து இறங்கினாள். காப்புறுதிக் கம்பெனியில் இருபது வருடம் பொய் கிளெய்ம்களைப் பிரித்து மேய்ந்தவள் அவள். பிறகு வேலையை விட்டுவிட்டுத் தனியாகத் துப்பறியும் அலுவலகம் போட்டாள். சுகுமாரனுக்கு அங்கே கெரெத்தா ஓட்டுகிற வேலை. வாய் அதுபாட்டுக்கு ஓடும், அதற்குத் தனிச் சம்பளம் கிடையாது. அவன் ஏழு வருடத்துக்கு முன்னால் பாயான் பாருவில் ஒரு ஃபேக்டரியில் இருந்தான். ஒரு பெட்டி கம்ப்யூட்டர் சில்லு காணாமல் போனபோது அன்றைய ஷிஃப்ட்டில் இருந்தவன் என்ற ஒரே குற்றத்துக்காக வெளியே அனுப்பினார்கள். பெட்டி பிறகு வேறொரு ரேக்கில் கிடைத்தது. மன்னிப்புத்தான் இன்னும் கிடைக்கவில்லை. அதனால் இந்தக் கேஸைக் கேட்டதும் வழக்கத்தைவிட வேகமாகக் கெரெத்தாவை எடுத்தான்.

அவர்கள் வந்தது ஒரு தனியார் டயாலிசிஸ் சென்டருக்கு. பின்பக்கத்துச் சின்ன அறையில் காமினி உட்கார்ந்திருந்தாள். இருபத்தேழு வயது. முன்னால் ஒரு நாசி லெமாக் பொட்டலம், காலையில் யாரோ வாங்கி வைத்தது, பிரிக்காமலே கிடந்தது. பக்கத்தில் அவள் தோளைப் பிடித்தபடி தலைமைத் தாதியான மேட்ரன் ஜெகதீஸ்வரி நின்றாள். சபூராவை நேற்று போனில் கூப்பிட்டு, கைக்காசு போட்டு இந்த வேலையை ஒப்படைத்தவள் அவள்தான்.

"புதன்கிழமை நடந்தத இன்னொரு தடவ சொல்லும்மா," என்றாள் சபூரா.

"சந்திரசேகரன் அங்கிளுக்கு நாலாவது நாற்காலி அக்கா. மிஷின் எவ்ளோ தண்ணி எடுக்கணும்னு ஸ்கிரீன்ல இருக்கற எடையப் பாத்துதான் செட் பண்ணுவோம். அவருக்கு எப்பவும் அறுபத்திரண்டு. அன்னைக்கு அறுபதுன்னு இருந்துச்சு. டாக்டர் மாத்தியிருப்பாருன்னு நெனச்சிட்டேன்."

சிறுநீரகம் கைவிட்டவர்களுக்கு உடம்பில் தண்ணீர் தங்கிவிடும். ஸ்கிரீனில் உள்ள எடை வரும்வரை மிஷின் அதை உறிஞ்சி எடுக்கும். எண்ணில் இரண்டு கிலோ குறைந்தால் உடம்பிலிருந்து இரண்டு லிட்டர் கூடுதலாகப் போகும். மூன்றாவது மணி நேரத்தில் சந்திரசேகரனின் இரத்த அழுத்தம் மளமளவென்று இறங்கியது. இன்றைக்கு மூன்றாவது நாளாக அவர் ஐசியுவில் கிடக்கிறார். டாக்டரைக் கேட்டால், சந்திரசேகரன் எடையைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை என்கிறார். டைரக்டர் கம்ப்யூட்டர் பதிவை அச்சடித்து எடுத்துப் பார்த்தார். புதன்கிழமை, காலை பத்து பதினாலு, அறுபத்திரண்டு அறுபதானது. மாற்றியவர் காமினி.

"உன் பாஸ்வேர்ட் யாருக்கெல்லாம் தெரியும்?" என்று கேட்டாள் சபூரா.

காமினி மேட்ரனை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொன்னாள். "போன வாரம் வரைக்கும் எல்லாருக்கும் தெரியும்க்கா. அந்த சிஸ்டம் பாதியில வெளிய தள்ளிடும். ஒரு பேஷன்ட்டுக்கு எழுதிட்டே இருப்போம், திடீர்னு மறுபடி லாகின் பண்ணுன்னு கேக்கும். கையில கிளவுஸ், ரத்தம். யாராவது சும்மா நிக்கறவங்க நமக்காக லாகின் பண்ணி விடுவாங்க. அதுக்காக வாட்ஸ்அப் குரூப்ல எல்லார் பாஸ்வேர்டும் போட்டு வச்சிருந்தோம்."

"வீட்டுச் சாவிய வாசப்படியில வச்ச மாதிரி," என்றான் சுகுமாரன்.

"ஞாயித்துக்கிழமை அத சரி பண்ணிட்டாங்கண்ணே. தள்றது நின்னுடுச்சு. திங்கக்கிழமை எல்லாரும் புதுசு மாத்தினோம், குரூப்ல இருந்தத அழிச்சிட்டோம்."

"புதுசு யார்கிட்ட சொன்ன?" என்றாள் சபூரா.

"யார்கிட்டயும் சொல்லலக்கா. அதான்..." காமினி நாசி லெமாக் பொட்டலத்தின் ரப்பர் பேண்டை இழுத்து இழுத்து விட்டாள். "எனக்கு மட்டும்தான் தெரியும்னா அப்ப நானா இருக்கணும்ல. ராத்திரி முழுக்க யோசிச்சுப் பாக்கறேன். தட்டின ஞாபகமே இல்ல. ஆனா தட்டியிருப்பேனோன்னு தோணிட்டே இருக்கு."

சுகுமாரன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். பெட்டி காணாமல் போன வாரத்தில் அவனும் இப்படித்தான் தன் லாக்கரை நாலு தடவை திறந்து பார்த்தான், எங்கேயாவது தானே வைத்துத் தொலைத்திருக்கிறோமோ என்று.

"இவ தட்டலக்கா. நான் சத்தியம் பண்ணுவேன்," என்றாள் ஜெகதீஸ்வரி. கண் சிவந்திருந்தது. "புதன்னா நான் பாலம் தாண்டி கெப்பாலா பத்தாஸ் கிளைக்குப் போற நாள். இங்க இருந்திருந்தா இப்படி நடக்க விட்டிருப்பேனா? எல்லாம் அந்தக் கம்ப்யூட்டர் செஞ்ச வேல. ஞாயித்துக்கிழமை கம்ப்யூட்டர் கம்பெனியில இருந்து ஐமான்னு ஒருத்தன் வந்து என்னமோ மாத்தினான். நாலாம் நாள் ஓர் ஆள் விழுறாரு. ஒருத்தர் பேர்ல இன்னொருத்தர் எழுத்துப் போய் விழுந்திருக்கும். நீங்க அவனப் பிடிங்க."

பிடிக்கப் போனார்கள்.

பாயான் பாருவில் ஒரு கடைவீட்டு மாடியில் ஐமானின் அலுவலகம். ஐமான் முப்பதைத் தொடாதவன், கண்ணாடி போட்டவன். வந்தவர்கள் யார் என்று தெரிந்ததுமே எழுந்து நின்றுவிட்டான்.

"என் மேலதான் போடுவாங்கன்னு தெரியும் ஆன்ட்டி. எங்க பாஸ்கூட காலையில சொல்லிட்டாரு, கஸ்டமர் கேட்டா உன் தப்புன்னு ஒத்துக்கன்னு."

"ஒத்துக்கறதுக்கு முன்னாடி என்ன தப்புன்னு தெரிஞ்சுக்கலாமே," என்றாள் சபூரா. "ஞாயித்துக்கிழமை என்ன பண்ணின?"

"லோட் பேலன்சர்ல செஷன் பெர்சிஸ்டென்ஸ் ஆன் பண்ணினேன்."

"தமிழ்ல சொல்லு தம்பி," என்றான் சுகுமாரன். "நான் பசியில இருக்கேன். மக்கான் சம்பந்தமா சொன்னா இன்னும் நல்லாப் புரியும்."

ஐமான் முதல் தடவையாகச் சிரித்தான். "சரி. ஒரு நாசி கண்டார் கடைன்னு வச்சுக்குங்க. கூட்டம் தாங்கல, அதனால சோறு போட ரெண்டு பேர். வாசல்ல ஒருத்தர் நின்னு வர்றவங்கள இவர்கிட்ட போ, அவர்கிட்ட போன்னு பிரிச்சு விடுறாரு. அந்த வாசல்காரர்தான் லோட் பேலன்சர். சோறு போடுற ரெண்டு பேரும் சர்வர். இப்ப நீங்க முதல் ஆள்கிட்ட சோறு வாங்கிட்டீங்க. குழம்பு பத்தல, மறுபடி போறீங்க. வாசல்காரர் உங்கள ரெண்டாவது ஆள்கிட்ட அனுப்பிடுறாரு. அவருக்கு உங்களத் தெரியாது. நீ யாரு, தட்டு எங்க, முதல்ல இருந்து வா அப்படிங்கறாரு."

"அதுதான் தாதிங்கள வெளிய தள்ளினது," என்றாள் சபூரா.

"ஆமா. லாகின் பண்ணின விஷயம் ஒரு சர்வருக்குத்தான் தெரியும், இன்னொண்ணுக்குத் தெரியாது. இந்த செட்டிங்க முதல் நாளே போட்டிருக்கணும். முன்ன இருந்தவங்க போடல. ஞாயித்துக்கிழமை வாசல்காரருக்கு நான் ஒரு விஷயம்தான் சொல்லிக் கொடுத்தேன். எந்த முகவரியில இருந்து வர்ற ஆள மொதல்ல யார்கிட்ட அனுப்பினியோ, நாள் முழுக்க அவர்கிட்டயே அனுப்பு."

"முகவரின்னா ஒவ்வொரு கம்ப்யூட்டருக்குமா?"

"இல்ல ஆன்ட்டி. ஒரு சென்டருக்கு ஒரே இன்டர்நெட் லைன். உள்ள பத்து கம்ப்யூட்டர் இருந்தாலும் வெளிய பாக்கறவங்களுக்கு ஒரே முகவரிதான்."

சுகுமாரன் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டான். பையனைப் பார்த்தால் பாவமாக இருந்தது. ஆனால் ஃபேக்டரியில் அவனையும் சிலர் பாவம் என்று சொன்னதோடு சரி, யாரும் விசாரிக்கவில்லை, அதனால் கேட்க வேண்டியதைக் கேட்டுவிடுவது என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டான். "ரெண்டு சர்வர் சாவியும் உன்கிட்டதானே இருக்கு தம்பி. நீயே உள்ள பூந்து காமினி பேர்ல எழுதியிருக்கலாமே."

"எழுதலாம்ணே. நான் எழுதினா என் பேர் விழும். அவங்க பாஸ்வேர்ட நான் பாக்க முடியாது, மாத்தத்தான் முடியும். மாத்தியிருந்தா அன்னைக்கு அவங்களால உள்ளயே போயிருக்க முடியாது."

"வீட்ல இருந்து, கைப்பேசியில இருந்து யாராவது?" என்றாள் சபூரா.

"திறக்காது. டத்தோ கிராமாட் லைன், கெப்பாலா பத்தாஸ் லைன். இந்த ரெண்ட விட்டா வேற வாசல் கிடையாது."

சபூரா கைப்பையிலிருந்து டைரக்டர் அச்சடித்த தாளை எடுத்து விரித்தாள். "இதுல சர்வர் ஒண்ணா ரெண்டான்னு போடலயே."

"ரெண்டையும் சேத்து ஒண்ணா அடிச்சிருக்காங்க. யாரும் அதப் பத்திக் கேக்கல."

"நான் கேக்கறேன். புதன்கிழமை டத்தோ கிராமாட்காரங்க எல்லாம் எந்த சர்வர்ல விழுந்தாங்க?"

ஐமான் தட்டினான். "ரெண்டாவதுல. ஆறு தாதிங்க, எல்லார் பேரும் காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் ரெண்டாவதுலதான் இருக்கு."

"காமினி?"

"காமினி எழுதினது மொத்தம் நாப்பத்திரண்டு பதிவு. ரெண்டாவது சர்வர்ல..." அவன் விரல் நின்றது. "நாப்பத்தொண்ணு."

"மிச்சம் ஒண்ணு?"

"முதல் சர்வர்ல இருக்கு ஆன்ட்டி. பத்து பதினாலு. அறுபது கிலோ."

சபூரா மெதுவாகக் கேட்டாள். "அதுக்கு முன்னாடி அவ என்ன எழுதினா?"

"பத்து பதிமூணு. ஆறாவது நாற்காலி, இரத்த அழுத்தம். அது ரெண்டாவது சர்வர்ல."

"அன்னைக்கு முதல் சர்வர்ல யார் விழுந்தாங்க?"

ஐமான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னான். "கெப்பாலா பத்தாஸ்."

சுகுமாரன் எழுந்தே விட்டான். "பத்து பதிமூணுக்கு டத்தோ கிராமாட்ல ரத்த அழுத்தம் எழுதின பொண்ணு, பத்து பதினாலுக்குப் பாலம் தாண்டி கெப்பாலா பத்தாஸ்ல எடை எழுதியிருக்கா. ஒரு நிமிஷம். நான் ஓட்டினாலே முக்கால் மணி நேரம் ஆகும்க்கா, அதுவும் ஜாம் இல்லன்னா."

"இந்தத் தாள அப்படியே அச்சடிச்சுக் கையெழுத்துப் போட்டுக் குடு," என்று ஐமானிடம் சொன்னாள் சபூரா. "உன் பாஸ்கிட்ட சொல்லு, நீ தப்பு பண்ணல. நீ அந்த செட்டிங்கப் போடாம விட்டிருந்தா இந்தப் பதிவு எங்க வேணா விழுந்திருக்கும். யாரையும் காப்பாத்தியிருக்க முடியாது."

ஐமான் தலையாட்டினான். அவனுக்கு அழுகை வருகிற மாதிரி இருந்தது, அதை மறைக்க பிரின்டர் பக்கம் போய் நின்றுகொண்டான்.

கீழே வந்ததும் சுகுமாரன் கெரெத்தாவைப் பாலம் பக்கம் திருப்பினான். மணி மூன்றரை. "கெப்பாலா பத்தாஸ்ல எத்தனை பேர் வேல பாக்கறாங்கக்கா? ஒவ்வொருத்தரா உக்கார வச்சு..."

"பாலம் வேணாம். டத்தோ கிராமாட்டுக்கே விடு."

"அக்கா, ஆள் கெப்பாலா பத்தாஸ்லதானே இருக்கு."

சபூரா ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி இருந்தாள். இருபது வருடப் பழக்கம் உள்ளவன் இல்லை சுகுமாரன், வெறும் நாலு வருடம்தான். ஆனாலும் அவள் இப்படி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டால் கேஸ் முடிந்துவிட்டது என்றும், முடிந்த விதம் அவளுக்குப் பிடிக்கவில்லை என்றும் அவனுக்குத் தெரியும்.

"திங்கக்கிழமை மாத்தின பாஸ்வேர்ட் காமினிக்கு மட்டும்தான் தெரியும். கெப்பாலா பத்தாஸ்ல இருக்கற யாருக்கும் தெரிய வழியில்ல. அப்படின்னா அங்க ஆளே இல்லன்னு ஆயிடுது. ஆனா ஒருத்தர் தட்டியிருக்காங்க. அந்தப் பொண்ணு பொய் சொல்ற முகமும் இல்ல. அப்ப என்ன பாக்கணும்? யார்கிட்டயும் சொல்லலன்னு சொன்னாளே, அந்த யார்கிட்டயும்ல அவ யாரச் சேக்காம விட்டான்னு பாக்கணும்."

அவள் கைப்பேசியை எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

"காமினி, ஒரே கேள்விதான்மா. புது பாஸ்வேர்ட மேட்ரன்கிட்ட சொன்னியா?"

"ஆமாக்கா. செவ்வாக்கிழமை கேட்டாங்க. அவங்க அந்தப் பக்கம் இருக்கும்போது அவசரத்துக்கு வேணும்னு எப்பவும் வாங்கி வச்சுக்குவாங்க."

"யார்கிட்டயும் சொல்லலன்னியே."

"மேட்ரன் அக்காகிட்ட சொல்றதெல்லாம் ஒருத்தர்கிட்ட சொன்ன மாதிரியாக்கா?" என்றாள் காமினி. சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்கே ஏதோ உறைத்திருக்க வேண்டும். போனை வைத்துவிட்டாள்.

சிவப்பு விளக்கில் நின்றபோது சுகுமாரன் கேட்டான். "கைக்காசு போட்டு நம்மளக் கூப்பிட்டது அவங்கதானேக்கா. எதுக்கு?"

"அவங்ககிட்டயே கேப்போம்லா."

மேட்ரன் அறைக்குள் நுழைந்தபோது மணி நாலே கால். ஜெகதீஸ்வரி எழுந்து நின்றாள். "கம்ப்யூட்டர் கோளாறுதானேக்கா?"

சபூரா தாளை மேஜைமேல் வைத்தாள். நாற்பத்தொன்று ஒரு பக்கம், ஒன்று மறுபக்கம். எதுவும் விளக்கவில்லை, கெப்பாலா பத்தாஸ் என்று எழுதியிருந்த இடத்தில் ஒரு விரலை மட்டும் வைத்தாள்.

ஜெகதீஸ்வரி அதைப் படித்தாள். இரண்டாவது தடவையும் படித்தாள். பிறகு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"டாக்டர் போன் பண்ணினாரு," என்றாள். "நாலாவது நாற்காலிக்கு அறுபது போட்டுடு சிஸ்டர்னாரு. நான் அப்ப கெப்பாலா பத்தாஸ்ல நிக்கறேன். அவர் சொன்னது அந்த ஊர் நாலாவது நாற்காலி. எனக்கு நாலுன்னா இங்க இருக்கற நாலுதான். பதினோரு வருஷமா நான் பாக்கற நாலு. எடை மாத்தறதுக்கு அந்த பேஷன்ட்டோட தாதி பேர்ல போகணும். காமினி பேர்ல போய்த் தட்டிட்டு டீ குடிக்கப் போயிட்டேன்."

"எப்ப தெரிஞ்சது?"

"சாயங்காலம். அங்க இருக்கற பொண்ணு கேட்டா, எங்க நாலாவது நாற்காலிக்கு எடை மாத்தவே இல்லையே சிஸ்டர்னு. அப்ப சந்திரசேகரன் அண்ணன் ஏற்கெனவே ஐசியுல." அவள் தாளைத் தள்ளி வைத்தாள். "சொல்லிடணும்னுதான் வந்தேன். வந்து பாத்தா டைரக்டர் கையில காமினி பேரு. வாய் வரலக்கா. அவ மேல பழி விழக் கூடாது, என் மேலயும் விழக் கூடாது. கம்ப்யூட்டர் மேல போட்டுட்டா யாருக்கும் ஒண்ணும் ஆகாதுன்னு நெனச்சேன். அதான் உங்களக் கூப்பிட்டேன்."

"ஐமானுக்கு ஒண்ணும் ஆகாதா?" என்றாள் சபூரா. "அந்தப் பையன் காலையிலேயே தப்ப ஒத்துக்கத் தயாரா உக்காந்திருக்கான்."

ஜெகதீஸ்வரி தலையைக் குனிந்துகொண்டாள். சுகுமாரனுக்கு ஆத்திரமாக வந்தது. அன்றைக்கு ஃபேக்டரியிலும் யாரோ ஒருவன் பெட்டியை ரேக் மாற்றி வைத்துவிட்டு வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பான். அவன் முகத்தை இத்தனை வருடம் ஓர் அயோக்கியன் முகமாகவே சுகுமாரன் நினைத்து வைத்திருந்தான். இந்த அழுத முகத்தை அவன் எதிர்பார்க்கவில்லை.

கதவு திறந்தே இருந்தது. வாசலில் காமினி நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று யாருக்கும் தெரியாது.

அவள் கத்துவாள் என்று சுகுமாரன் நினைத்தான். கத்தினால் நல்லது என்றும் நினைத்தான்.

"அப்ப நான் தட்டலையாக்கா?" என்று மட்டும் கேட்டாள் காமினி.

"இல்லம்மா," என்றாள் ஜெகதீஸ்வரி. "நீ தட்டல."

காமினி சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள். மூன்று நாளாக அடக்கி வைத்திருந்த அழுகை இப்போதுதான் வந்தது. சபூரா போய் அவள் பக்கத்தில், அதே தரையில் உட்கார்ந்துகொண்டாள்.

"மணி நாலே முக்கால்," என்றான் சுகுமாரன். "டைரக்டர் மேலதான் இருக்காரு."

"வாயால சொன்னா நான் மாத்திச் சொல்லிடுவேன். எழுதியே குடுத்துடறேன்," என்றாள் ஜெகதீஸ்வரி. கண்ணைத் துடைத்துக்கொண்டு கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினாள். சம்பவ அறிக்கைப் பக்கம் திறந்தது. பெயர் கேட்டது.

அவள் விரல்கள் பழகிய வேகத்தில் தட்டின. சுகுமாரன் அவள் தோளுக்குப் பின்னாலிருந்து ஸ்கிரீனைப் பார்த்தான். பெயர்க் கட்டத்தில் ஆறு ஆங்கில எழுத்துகள் விழுந்திருந்தன. காமினி.

ஜெகதீஸ்வரியும் பார்த்தாள். கை கொஞ்ச நேரம் அந்தரத்தில் நின்றது. பிறகு ஒவ்வொரு எழுத்தாக, ஆறையும் அழித்தாள். காலியாகிவிட்ட கட்டத்தில் தன் பெயரை எழுத அவளுக்கு வெகு நேரம் பிடித்தது.